கடைசிப் பேருந்தும் மூன்றாம் பரிசும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பள்ளியிலிருந்து கேட்டு வந்தபோது, பழைய மாணவி என்ற முறையில் இனிப்பாக நாலு நினைவுகளை எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். மரத்தடி வகுப்பு, விடுதியின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, கணக்கு டீச்சரின் பிரம்பு என்று எழுதினால் யாருக்கும் மனத்தாங்கல் இராது. படிப்பவர்களும் புன்னகையோடு பக்கத்தைப் புரட்டுவார்கள். ஆனால் சென்ற மாதம் என் அண்ணன் பேத்தி வீட்டுக்கு வந்து சொன்ன செய்தி என்னை அந்த வழியில் போகவிடவில்லை.

அவள் இப்போது நம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அவளும் தோழியர் நால்வரும் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கிறார்கள். இரண்டு கிதார், ஒரு கீபோர்டு, மேலே உட்கார்ந்துகொண்டு தட்டி வாசிக்கும் மரப்பெட்டி ஒன்று, பாட ஒருத்தி. ஜனவரியில் திருச்சியில் பள்ளிகளுக்கிடையே நடக்கவிருக்கும் இசைக்குழுப் போட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மாலை 5 மணிக்குத் தொடக்கம். பெற்றோர் கூட்டத்தில் சிலர் எழுந்து, "பெண் பிள்ளைகளை இரவுப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம், பகலில் நடந்தால் பார்க்கலாம்" என்றார்களாம். வேறு சிலர், "போகட்டும், ஆனால் தங்கள் முறை வந்ததும் பாடிவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும்" என்று நடுவழி சொன்னார்களாம். முடிவு அடுத்த கூட்டத்தில்.

முதல் கட்சியாருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். அந்த இரண்டாவது கட்சியாரிடந்தான் எனக்கு வழக்கு. "பாடிவிட்டு உடனே திரும்பிவிடு" என்பது எவ்வளவு நியாயமான பேச்சாகக் காதில் விழுகிறது! அதே பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஓர் இரவு போய்த் திரும்பியவள் நான்.

1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை அது. நாங்கள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தோம். நால்வர். மற்ற மூவரும் தங்கள் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரவர் வேலையைக் கொண்டே அழைக்கிறேன்: பாட்டுக்காரி, பாங்கோக்காரி, சலங்கைக்காரி. சலங்கைக்காரி வாசித்தது தாம்புரின். அந்தப் பெயர் எங்கள் வாயில் சரியாக நுழையாததால் அது கடைசி வரை 'சலங்கைத் தட்டு' என்றே வழங்கிற்று. கிதார் என்னுடையது. என்னுடையது என்பதுகூடச் சரியில்லை. பாடகர் குழுவின் அலமாரியில் ஒரு தந்தி அறுந்து கிடந்த பழைய கிவ்சன் கிதார் அது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போனதாம். ஆர்மோனியம் இருக்கும்போது இது எதற்கு என்று யாரும் தொடவில்லை. சிஸ்டரிடம் கேட்டு வாங்கி, திருச்சியிலிருந்து ஒரு செட் தந்தி வரவழைத்து, விரல் நுனிகள் கொப்பளித்து உடைந்து காய்த்துப் போகும் வரை விடாமல் பழகினேன்.

அந்தக் காலத்தில் கிதார் ஓசை எங்களுக்குப் புதிதன்று. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது முதல் இளையராஜாவின் பாட்டுகள் வழியே அது தேநீர்க் கடை வரை வந்துவிட்டிருந்தது. அவருடைய நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) கிதாரோடு தொடங்கும் ஒரு பாட்டு உண்டு, யேசுதாஸ் பாடியது. தமிழ்நாட்டில் கிதார் பிடித்த ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது வாசித்துப் பார்த்திருப்பார்கள். கேட்பது புதிதன்று, பெண் பிள்ளை வாசிப்பதுதான் புதிது. "வீணை கற்றுக்கொண்டால் பெண் பார்க்க வரும்போது ஆகும். இது எதுக்கு ஆகும்?" என்றார் என் பாட்டி. இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

என் பாடாவது பரவாயில்லை. பாங்கோக்காரியின் பாடு பெரும்பாடு. பாங்கோ என்பது சிறிதும் பெரிதுமாக ஒட்டிப் பிறந்த இரண்டு சிறு மத்தளங்கள். உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வாசிப்பதுதான் முறை. ஒரு பெண் மேடையில் அப்படி உட்காருவதா என்று பாடகர் குழுவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. சிஸ்டர் யாரிடமும் வாதம் செய்யவில்லை. தச்சரை அழைத்து இடுப்பளவு உயரத்துக்கு ஒரு முக்காலி செய்யச் சொல்லி, மேலே இரண்டு பள்ளம் வெட்டி, பாங்கோவை அதில் பொருத்திவிட்டார். அவள் நின்றுகொண்டே வாசித்தாள். நின்று வாசித்ததால் கைக்கு இன்னும் வேகம் வந்தது என்பது தச்சரும் எதிர்பாராத இலாபம்.

போட்டிக்குப் போக நான்கு தகப்பன்மாரின் சம்மதம் வேண்டியிருந்தது. மூன்று எளிதில் கிடைத்தன. பாங்கோக்காரியின் அப்பாவுக்கு அரிசி ஆலை. கொஞ்சம் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்லர். "கடைசி பஸ்ஸில் பிள்ளை வீட்டுப் படி ஏறிவிட வேண்டும், சிஸ்டர்" என்றார். சிஸ்டர் வாக்குக் கொடுத்தார். பெண்கள் நால்வரை மாலை நேரத்தில் வெளியூர் கூட்டிச் செல்லத் துணிந்த ஓர் ஆசிரியையின் வயிற்றில் எத்தனை நெருப்பு இருந்திருக்கும் என்பது எனக்கு என் மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே அவரைக் குறைகூற இதை எழுதுகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம்.

பகல் 2 மணிப் பேருந்தில் கிளம்பினோம். மழைக்காலம். கிதாரைப் போர்வையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டேன். முக்காலி, நடத்துனரின் தயவால், ஓட்டுனர் அருகே முன்னால் நின்றுகொண்டு வந்தது. கொள்ளிடத்தில் அந்த ஆண்டு தண்ணீர் ஓடியது. பாட்டுக்காரி சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் சொந்தப் பாட்டு கொள்ளிடத்தைப் பற்றியது, எழுதியவள் அவள். காவிரிக்குக் கோயிலும் திருவிழாவும் உண்டு. வெள்ளம் வந்தால் அதைச் சுமந்து போவதற்கு மட்டும் நினைக்கப்படும் ஆறு கொள்ளிடம். இவ்வளவுதான் பாட்டின் கருத்து. பதினாறு வயதில் அவளுக்கு இது எப்படித் தோன்றியது என்று இன்றும் வியக்கிறேன்.

போட்டியில் 14 குழுக்கள். பெண்கள் குழு எங்களுடையது ஒன்றுதான். குழு ஒன்றுக்கு 10 நிமிடம். ஒரு திரைப்பாட்டு, ஒரு சொந்தப் பாட்டு. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு 9-ஆவது இடம் விழுந்தது. 5 மணிக்குத் தொடங்கியிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தது 5.50-க்கு, அவர் பேசி முடித்தது 6.30-க்கு. இசையின் பெருமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், இசைக்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு. சிறப்பு விருந்தினர் என்றொருவர் இல்லாதிருந்தால் நம் நாட்டு விழாக்களில் பாதி நேரத்தோடு முடிந்துவிடும்.

காத்திருந்த நேரத்தில் ஒரு விபரீதம். பாங்கோவின் தோல் மழை ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து போயிருந்தது. தட்டினால் 'டங்' என்று எழ வேண்டிய ஓசை 'தொப்' என்று விழுந்தது. மற்றக் குழுக்களின் டிரம்களில் பிளாஸ்டிக் தோல். அவற்றுக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். அழும் நிலையில் இருந்த பாங்கோக்காரியைப் பார்த்துவிட்டு அரங்கத்தின் காவலாளி அருகே வந்தார். தோலைத் தடவிப் பார்த்தார். "காய்ச்சணும் பாப்பா" என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சுவது போல அதைத் தீக்கு மேலே காட்டிக் காட்டித் திருப்பினார். ஈரம் போகப்போகத் தோல் இறுகி ஓசை மேலே ஏறிற்று. போதும் என்று அவள் சொல்ல, "இன்னும் கொஞ்சம், மேடைக்குப் போறதுக்குள்ள மறுபடி இறங்கும்" என்றார். அப்படியே இறங்கிச் சரியான இடத்தில் நின்றது. நடுவர் மூவருக்கும் தெரியாத கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கும் ஒரு வித்தை தேவைப்பட்டது. யேசுதாஸின் குரல் ஆழத்தில் எங்கள் பாட்டுக்காரியால் பாட முடியாது. சுருதியை ஏற்ற வேண்டும். அதற்கென்று கிதார்க் கழுத்தில் மாட்டும் கவ்வி ஒன்று உண்டு, எங்களிடம் இல்லை. பென்சில் ஒன்றைத் தந்திகளுக்குக் குறுக்கே ஐந்தாவது மெட்டருகே வைத்து இருபுறமும் ரப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் அதே வேலையைச் செய்யும். பக்கத்துக் குழுப் பையன்கள் பென்சிலைக் கண்டு சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்து, கட்டை எப்படிக் கட்டினேன் என்று பார்த்துவிட்டுப் போனான்.

இரவு 8.35-க்கு எங்கள் பெயர் அழைக்கப்பட்டது. மேடை ஏறியவுடன் முதலில் பாடியது எங்கள் பாட்டுக்காரி அல்லள், ஒலிபெருக்கி! எங்களிடம் இருந்தவை மின்சாரக் கிதார்கள் அல்ல. ஆகவே என் கிதாரின் வயிற்றுக்கு நேரே ஒரு மைக்கை வைத்தார்கள். அதற்குப் பின்னாலேயே ஒலிப்பெட்டி. பெட்டியின் ஓசையை மைக் வாங்கி, மீண்டும் பெட்டிக்கே கொடுத்து, பெட்டி அதைப் பெருக்கி மைக்குக்குத் திருப்பித் தர, 'ஊ...' என்று ஓர் ஊளை எழுந்து கூரையைத் தொட்டது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "கும்மி அடிங்கம்மா!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். சலங்கைக்காரி, இயல்பில் எங்களுள் பயந்தவள், தானே போய் மைக்கைப் பெட்டிக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்துவிட்டு வந்து நின்றாள். ஊளை நின்றது.

திரைப்பாட்டில் நான் ஓரிடத்தில் தவறான கட்டையைப் பிடித்தேன். பாட்டுக்காரி அதைப் பொருட்படுத்தாமல் மேலே போய்விட்டாள். பிறகு கொள்ளிடம். அந்தப் பாட்டின் நடுவில் எட்டு ஆவர்த்தனம் பாங்கோ மட்டும் வாசிக்கும். வெள்ளம் வருவதற்கு அடையாளம். ஒத்திகையில் அதை எட்டாகத்தான் வைத்திருந்தோம். அன்று அவள் எட்டோடு நிறுத்தவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பன்னிரண்டோ பதினாறோ, எனக்கு எண்ணத் தெரியவில்லை. அரங்கில் ஒரு நாற்காலி நகரும் ஓசைகூட இல்லை. மிக மெல்லியதாக, இரண்டு விரல் மட்டும் கொண்டு, மணலில் தண்ணீர் ஊறுவது போல அதை முடித்து எங்களுக்குத் தாளத்தைத் திருப்பித் தந்தாள். கும்மி அடிக்கச் சொன்ன குரல் மறுபடி எழவில்லை.

கைதட்டல் அடங்கி மேடையை விட்டு இறங்கும்போது மணி 8.50. படிக்கட்டின் அடியில் எங்கள் செருப்பும் பைகளும் வரிசையாக இருந்தன. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து 9.40. இன்னும் 5 குழுக்கள் மீதம். எப்படிப் பார்த்தாலும் முடிவு சொல்ல 10 மணிக்கு மேலாகும். "கிளம்புங்கள் பிள்ளைகளே" என்றார். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஈரத்தெருவில் நடந்தோம். அடுத்த குழுவின் டிரம் ஓசை தெருமுனை வரை எங்களோடு வந்தது.

பேருந்தில் கூட்டம் இல்லை. பாங்கோக்காரிக்குக் கை அடங்கவில்லை. முன் இருக்கையின் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தாள். சிஸ்டர் அதட்ட வாயெடுத்தபோது நடத்துனர், "அடிக்கட்டும் சிஸ்டர், டிரைவர் தூங்காம வருவாரு" என்றார்.

போட்டி நடத்தியவர்களிடமிருந்து 19 நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மூன்றாம் பரிசு எங்கள் குழுவுக்குத் தீர்ப்பாகி, மும்முறை மேடைக்கு அழைக்கப்பட்டது என்றும், பரிசு பெறும் குழு நேரில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி அது அடுத்த குழுவுக்கு வழங்கப்பட்டது என்றும் தட்டச்சில் இருந்தது. பரிசு ஒரு கோப்பையும் 150 ரூபாயும். அந்த ரூபாயைக் கொண்டே வாடகைக் கார் பிடித்து ஊர் வந்திருக்கலாம் என்று சலங்கைக்காரி கணக்குப் போட்டாள். அட்டையின் அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: பாங்கோ வாசித்த மாணவி யாரிடம் பயின்றாள் என்று நடுவர் ஒருவர் விசாரித்தார். அவ்வளவுதான். எந்த நடுவர், எதற்காக விசாரித்தார், என்ன சொல்ல நினைத்தார், ஒன்றுமில்லை. சிஸ்டர் பதில் எழுதினார். மறுபதில் வரவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. மறு ஆண்டு அதே போட்டிக்கு அழைப்பு வந்தது. பாங்கோக்காரியின் அப்பா மறுத்துவிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "போன தடவை போய் என்னத்தைக் கொண்டு வந்தீர்கள்?" அஞ்சலட்டையைக் காட்டினோம். அவர் அதைப் படித்துவிட்டு, "அதான் இல்லைன்னு எழுதியிருக்கானே" என்றார். கோப்பை ஒன்று அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஓராண்டாக நின்றிருந்தால், அரிசி வாங்க வந்தவர்களெல்லாம் "இது என்ன கோப்பை?" என்று கேட்டிருந்தால், அவர் அப்படிக் கேட்டிருப்பாரா? பிள்ளை சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்று அவர் போட்ட நிபந்தனையே பிள்ளையை வெறுங்கையோடு திருப்பியது. அந்த வெறுங்கையே மறு ஆண்டு பிள்ளையை அனுப்பாமைக்குக் காரணமாயிற்று. பாடிவிட்டு உடனே திரும்பிவிடு என்பவர்கள் இந்தச் சுழலை எண்ணிப் பார்க்க வேண்டும். அது பாதி அனுமதி போலத் தோன்றும். உண்மையில் அடுத்த முறைக்கான மறுப்பை இப்போதே எழுதி வைப்பது.

பெண் பிள்ளைக்குத் தோல் கருவி எதற்கு என்றும் அவர் கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. திருச்சிக்கு அடுத்த புதுக்கோட்டைச் சீமையிலேயே, தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் பயின்று கச்சேரி மேடைகளில் வாசித்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் என்றொருவர் இருந்தார். 1910-இல் பிறந்து 1998 வரை வாழ்ந்தவர். அதாவது நாங்கள் பதிலின்றி நின்ற அன்று அவர் உயிரோடு இருந்தார். எங்கள் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. நான் அறிந்துகொண்டது பல ஆண்டுகளுக்குப் பின்பு.

பையன்களுக்கும் கடைசி வண்டி உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1959 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹிப்போட்ரோம் அரங்கில் ஓர் இசைப்போட்டி நடந்தது. எல்லாக் குழுக்களும் இறுதியில் மீண்டும் மேடைக்கு வர, யாருக்குக் கைதட்டல் அதிகம் என்று பார்த்துப் பரிசு கொடுப்பது முறை. லிவர்பூலிலிருந்து வந்திருந்த மூன்று பையன்களுக்கு இரவு தங்கக் காசில்லை; ஊருக்குக் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. கைதட்டல் எண்ணப்படும்போது அவர்கள் அங்கே இல்லை. அவர்கள் பெயர் ஜான் லெனன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன். ஜார்ஜுக்கு அப்போது வயது 16. மறு ஆண்டு 'பீட்டில்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்தது உலகறிந்தது.

இந்தக் கதையை என் மகன் எனக்குச் சொன்னபோது, "பார்த்தீர்களா அம்மா, பரிசு வாங்காமல் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது" என்று தேற்றினான். அவன் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பையன்களுக்கு மறுநாள் இரவு இருந்தது. அதற்கு அடுத்த இரவும் இருந்தது. எந்தத் தகப்பனும் "போய் என்னத்தைக் கொண்டு வந்தாய்" என்று கேட்டுக் கிதாரைப் பரணில் ஏற்றவில்லை. ஆணுக்கு ஓர் இரவு தவறினால் ஓர் இரவுதான் தவறுகிறது.

கடைசி வரை இருந்து பரிசும் பெற்ற பெண்களுக்கு மட்டும் எல்லாம் கைகூடிவிட்டதா என்றால், அதுவுமில்லை. 2012 டிசம்பரில் காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில், பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் 'பிரகாஷ்' என்ற பெயரில் முதன்முதலாக மேடையேறினார்கள். பள்ளத்தாக்கின் முதல் பெண்கள் ராக் குழு என்று பெயர் பெற்றார்கள், பரிசும் வாங்கினார்கள். பிறகு இணையத்தில் வசையும் மிரட்டலும் வந்தன. 2013 பிப்ரவரியில் மதத்தலைவர் ஒருவர் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பே வெளியிட்டார். அன்றைய முதலமைச்சர் ஒமர் அப்துல்லா அவர்கள் பக்கம் பேசினார். காவல்துறை வழக்குப் பதிந்தது. ஆயினும் அம்மூவரும் நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பாடாத மண்ணா அது? கலியாண வீடுகளில் பெண்கள் வரிசையாக நின்று பாடுவது அங்கே பழைய வழக்கம். 1954 முதல் ராஜ் பேகம் அவ்வூர் வானொலியில் பாடிப் புகழ்பெற்று, 2002-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பாட்டு அந்த ஊருக்கு அந்நியமன்று. மறுநாள் காலையில் அந்தப் பெண்களின் வீட்டு வாசலில் வந்து "நாங்கள் இருக்கிறோம்" என்று உட்காரப் போதுமான ஆட்கள் இல்லை, குறை அங்கேதான். அங்கே வாசல் என்றால் இங்கே பேருந்து நிலையம். இடந்தான் வேறு.

பாதுகாப்பைப் பற்றி நான் அலட்சியமாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். இரவுச் சாலை பெண்களுக்கு 1983-இல் எப்படி இருந்ததோ அதைவிட இப்போது நன்றாக இருக்கிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் முடியாது. பயப்படுவது சரி. பயந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. பயந்தால் துணைக்கு ஆள் சேர்க்கலாம், அல்லது பிள்ளையைக் குறைக்கலாம். பையன்களைக் கிரிக்கெட்டுக்கு வெளியூர் அனுப்பும்போது வண்டி பேசுகிறோம், தங்குமிடம் பேசுகிறோம். ஆட்டத்தின் பாதியில் திரும்பி வா என்று சொல்வதில்லை.

"இப்போதெல்லாம் முடிவைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவார்களே, இருந்து கேட்க வேண்டுமா?" என்று ஒரு தாயார் கேட்டாராம். கெட்டிக்காரத்தனமான கேள்வி. முடிவு மட்டுந்தான் வேண்டுமென்றால் அஞ்சலட்டையே போதும், எங்களுக்கும் வந்தது. நாங்கள் இழந்தவற்றில் கோப்பை சிறியது. எங்களுக்குப் பின் வாசித்த 5 குழுக்களை நாங்கள் கேட்கவேயில்லை. அவர்களுள் முதல் பரிசு பெற்ற குழுவும் இருந்ததாம். அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பென்சிலைப் பார்த்துவிட்டுப் போன பையன் ஏதோ கேட்க வந்திருப்பான்; காவலாளிக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நடுவர் நேரில் வந்து கேட்டிருந்தால் பாங்கோக்காரி வாய்திறந்து பதில் சொல்லியிருப்பாள். யாரிடமும் பயிலவில்லை, ஆலையில் நெல் அரைபடும் ஓசையைக் கேட்டுக் கேட்டு வந்தது என்பதுதான் அவள் பதில். அதைக் கேட்ட ஒரு பெரிய மனிதர் சும்மா போயிருப்பாரா என்று நினைத்துப் பார்க்கும் உரிமை எனக்கு உண்டு. அந்த முக்காலி பின்னால் ஆலையில் படிக்கல் வைக்கப் பயன்பட்டது. அவள் பிளஸ் டூ முடிந்ததும் கலியாணமாகிப் பெரம்பலூர் போனாள்.

ஆகவே வரப்போகும் கூட்டத்தில் பேசுவோருக்கு என் விண்ணப்பம் இது. போட்டி நடத்துகிறவர்களுக்குப் பள்ளி இப்போதே ஒரு கடிதம் எழுதட்டும்: நேரத்தில் தொடங்குங்கள், பேச்சாளரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நேரில் இல்லாதவர் பரிசைப் பிறருக்குக் கொடுக்கும் விதி இருந்தால் எடுத்துவிடுங்கள் என்று. எழுதினால் கேட்பார்கள், 1983-இல் நாங்கள் எழுதவில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் பிள்ளைகள் கடைசி வரை இருக்கட்டும். அதற்கு வேன் ஒன்று வேண்டும், கூடப் போக இரண்டு மூன்று பெரியவர்கள் வேண்டும். ஆசிரியைகள் தலையில் மட்டும் அந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை.

வேன் வாடகையில் பாதி என்னுடையது என்று அண்ணன் பேத்தியிடம் சொல்லிவிட்டேன். "அத்தைப் பாட்டி, நிஜமாகவா?" என்றாள். நிஜந்தான். ஆனால் முன் இருக்கை எனக்கு வேண்டும், முதுகுவலி. பாங்கோக்காரியிடமும் தொலைபேசியில் பேசினேன். முடிவு சொல்ல நள்ளிரவானாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். பெரம்பலூரிலிருந்து வந்து டோல்கேட்டில் நிற்பாளாம். வேன் அங்கே நின்று அவளை ஏற்றிக்கொள்ள வேண்டும்.